பதின்மூன்று அடி

"தெசிதேரியா, பாய்மரத் துணி தைப்பவள்,
தன் பிள்ளைகளோடு
பதின்மூன்று அடி செய்தாள்."
தரையில் கறுப்புக் கல்லில் அவ்வளவுதான் எழுத்து.
ஆண்டவருக்கு அளந்துதான் கொடுத்திருக்கிறார்கள்,
துணிக்கடையில் கிழிப்பதுபோல.

ஒர்னெல்லா முழங்காலில் நிற்கிறாள்; ஜெபத்துக்கு அல்ல.
காயல் நீர் ஏறி வடிந்த உப்பைத்
தூரிகையால் தட்டிவிட்டு
நாடாவை விரிக்கிறாள். ரோமானிய அடிக்கணக்கில்
பன்னிரண்டரை.
மறுபடி அளக்கிறாள். பன்னிரண்டரைதான்.

அரை அடியை விழுங்கியவன் யார்?
கல் பதித்தவனா, கணக்கு எழுதிய திருத்தொண்டரா?
ஆயிரத்தைந்நூறு வருஷம் பிந்திய கோபம்
அவளுக்குச் சுள்ளென்று வருகிறது.

மேலே, கப்பல் தச்சர்கள் கட்டிய கூரை;
கவிழ்த்த படகின் வயிறு.
இரு வரிசைத் தூண்கள், ஒன்றைப்போல் ஒன்றில்லை.
அது யாரோ பணக்காரனின் குளியல் மண்டபத்தினுடையது;
குட்டை, அதனால் பீடம் உயரம்.
இது நிலம் குலுங்கிய வருஷம்
நெப்டியூன் கோயிலில் பிடுங்கிவந்தது;
நெட்டை, அதனால் தரையை உடைத்து உள்ளே இறக்கிவிட்டார்கள்.
உச்சியில் மட்டும் எல்லாம் சமம்.
வளைவுகள் அதன்மேல் கைகோத்துக்கொண்டு
கிழக்கே அரைவட்டச் சுவர்வரை ஓடுகின்றன.

மாலை வெயில் மேற்கு ஜன்னலில் நுழைந்து
தெசிதேரியாவின் கடைசி மீனில் விழுகிறது.
செதிலுண்டு, கண்ணுண்டு.
வாலில்லை.
வால் இருக்கவேண்டிய இடத்தில்
நெப்டியூனின் தூண்.

ஒர்னெல்லா குறிப்பேட்டில் பன்னிரண்டரையை அடித்துவிட்டுப்
பதின்மூன்று என்று எழுதுகிறாள்.
அந்த அரை அடி
உள்ளேதான் இருக்கிறது,
வெளிச்சமே படாமல்,
வாலை ஆட்டிக்கொண்டு.