கை எட்டு

குளிர்பெட்டியை அளந்தாயிற்று.
மைதானத்தார் சொன்ன அளவுக்கு
அரை அங்குலம் அதிகம்.
லீயான் அதை அழுத்திப் பார்க்கிறாள்,
மனசு வைத்தால் சுருங்கிவிடும் என்பதுபோல்.

ஞாயிறு பந்தயம்.
காதும் காதும் வைத்தாற்போல்
நாங்கள் இருவரும் முடித்த ஏற்பாடு.
பிப்ரவரி முழுக்க நாற்காலித் தொழிற்சாலையில்
கூடுதல் ஷிப்ட் பார்த்த காசு
நான்கு டிக்கெட்டாகி
ஃப்ரிட்ஜின் மேல் ஓட்ஸ் டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது.
கோல்ட்டன் ஒரே நாளில் மோப்பம் பிடித்துவிட்டான்.

இப்போது சமையல் மேஜை முழுக்கத் திட்டம்.
கேலக்ஸிலிருந்து விடிகாலை ஐந்துக்கே கிளம்பணும்,
இல்லாவிட்டால் மலைச்சாலையில்
வீட்டுவண்டிகளின் வாலில் ஊர்ந்தே
முதல் சுற்று போய்விடும்
என்கிறான் பக்கத்து வீட்டு மெர்ல்,
வருஷம் தவறாமல் போகிறவன்.
மூன்றாம் வளைவில் உயரமாய் உட்காருங்கள்.
கீழே உட்கார்ந்தால்
தேய்ந்த டயரின் துகள்
பீரில் மிளகாய் மிதக்கும்.
குடை வேண்டாம், மழைக்கோட்டு.
முக்கியமாய்க் காது.
முப்பத்தாறு வண்டி ஒருசேர உறுமினால்
நாலு மணி நேரம்
ஒரு வார்த்தை பேச முடியாது, பார்த்துக்கொள்.

எழுதினேன்: காதடைப்பு, நான்கு.

எம்ரி பென்சிலைப் பிடுங்கி
நான்கை அடித்து மூன்று என்றாள்.
காதுக்குப் பின்னால் விரல் விட்டு
இரண்டு கருவிகளையும் கழற்றி
உப்புக் குப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்,
பல்செட்டைக் கழற்றிவைக்கும் பெரியமனிதர் பந்தாவில்.
ஒன்பது வயது.

லீயான் மூன்றை அடித்து மறுபடி நான்காக்கினாள்.
மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும்
பத்திரமாய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.
அவள் கை அதைச் சொன்ன வேகத்தில்
எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.
கோல்ட்டன்தான் மொழிபெயர்த்தான்.

எம்ரி எங்களை ஒவ்வொருவராய்ப் பார்த்தாள்.
அப்போ, நாலு மணி நேரம்
உங்கள் யாருக்குமே கேட்காதா?
கேட்காது.
அப்பாவுக்கும்?
அப்பாவுக்கும்.
முகத்தில் ஒரு முதலாளி வந்து உட்கார்ந்தாள்.

ஐந்து வருஷமாய் லீயான் சொல்கிறாள்:
புதன்கிழமை, தேவாலயத்தின் அடித்தளத்தில்,
சைகை வகுப்பு, இலவசம், வா.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
எங்கள் வீட்டில் அந்தக் காது என்னுடையது.
ஷிப்ட் என்பேன்.
அறுக்கும் இயந்திரம் தின்ற மோதிரவிரலைக் காட்டி
இந்தக் கைக்கு அதெல்லாம் வராது என்பேன்.
சாப்பிடு, தூங்கு, வேண்டாம்.
மூன்று சொல்லில் ஒரு மகளை வளர்த்திருக்கிறேன்.
எங்கள் நாய் அதைவிட அதிகம் கேட்டிருக்கும்.

மூட்டை கட்டுவது நின்றது.
கழிப்பறை. தண்ணீர். இன்னொரு ஹாட்டாக்.
யார் முன்னால்? எத்தனை சுற்று பாக்கி?
மோதலுக்கு இரண்டு முட்டிகளை இடித்து
ஒன்றை மேஜை விளிம்புவரை வழுக்க விட்டாள்.
புகைக்கு விரல்களை அவிழ்த்தாள்.
டயர் எரியும் வாசனையே வந்தது எனக்கு.

பச்சைக் கொடியை நான் காட்டியதும்
மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
வேறேதோ வெட்கக்கேட்டைச் சொல்லிவிட்டேன் போல.
இன்னும் யாரும் எனக்கு அதைச் சொல்வதாயில்லை.

விரல் இல்லாத இடத்தைக் காட்டி உதடு பிதுக்கினேன்.
தொட்டுப் பார்த்தாள்.
பிறகு மெதுவாக, எனக்காக மெதுவாக,
கையால் ஏதோ சொன்னாள்.
கோல்ட்டனைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.
மறுபடி சொன்னாள்.
மூன்றாம் தடவை பிடிபட்டது:
திக்குகிறது. ஆனா புரியுது.

பதினொன்றரை. எல்லோரும் தூங்கப் போய்விட்டார்கள்.
குளிர்பெட்டிக்கு இன்னும் வழி பிறக்கவில்லை,
மெர்லிடம் சின்னது ஒன்று இருக்கிறதாம்.
பட்டியலின் அடியில்
வெயில் களிம்புக்குக் கீழே
அவள் கோணல் எழுத்து:
கை, எட்டு. மறக்கக்கூடாது.

ஞாயிறு மழைக்கு நாற்பது சதவீதம் என்கிறது ரேடியோ.
மழைக்கு என்ன சைகை, கேட்க விட்டுப்போச்சு.
விளக்கை அணைத்துவிட்டு
நானே ஒன்று செய்து பார்க்கிறேன்.
இருட்டில்
ஒன்பது விரலில் பெய்கிறது.