இரவல்

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒரே ஒரு சொல்:
அஸ்தேயம்.
பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை என்று
கொப்பியில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.
இது எனக்கில்லை,
பெரிய கள்ளருக்கு என்று நினைத்தபடி
வெள்ளவத்தை மண்டபப் படியிறங்க
மழை.

விரித்தேன்.
பிடியில் நகப்பூச்சால் எழுதிய பெயர்:
மல்காந்தி.
போன வெசாக் மழையில்
கீழ்வீட்டுக்காரி தந்த குடை.
இரண்டு தரம் கேட்டாள்.
இரண்டு தரமும்
"ஐயோ, மறந்துபோனேன்."

காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்
சேற்றை அள்ளி வீசிப் போனது.
குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்து
நனைந்தே நடந்தேன்.
கொப்பியும் நனைந்தது,
அடிக்கோடு முதலில் கரைந்தது.

கதவைத் திறந்தவள்
குடையைப் பார்க்கவேயில்லை.
சிங்களத்தில் ஏசியபடி
துவாய் எடுக்க ஓடினாள்.

அந்தத் துவாய்
இன்னும் என் கொடியில்தான்
காய்கிறது.