வெட்டாத இரண்டு மில்லி

மாங்குளம் சந்தி தாண்டி
தகரக் கூரைக்குக் கீழே என் கடைசல் மெசின்.
மீன் வான்காரன் றெமீசியஸ்
இரவு எட்டுக்கு வந்து
கப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான்.
சூடு ஆறியிருக்கவில்லை.

"அஞ்சு மில்லி குறையுங்கோ அக்கா."

இப்ப அறுபத்தெட்டு.
போன மாதம் எழுபத்திரண்டு, அதையும் நான்தான் வெட்டினேன்.
கப்பி சிறுக்கச் சிறுக்க
எஞ்சினின் அதே சுற்றுக்கு
சுப்பர்சார்ஜர் இன்னும் வேகமாய்ச் சுழலும்,
சிலிண்டருக்குள் காற்றை இன்னும் திணிக்கும்.
ஆறு இறாத்தல் அமுக்கம் எட்டாகும்.
புளியங்குளம் வரமுன்னமே
கொழும்பு பஸ்ஸை முந்தலாம்.
இரண்டு மணிக்கு முதல் பேலியகொடையில் நின்றால்
பாரைக்குக் கிலோவுக்கு நூறு ரூபா கூட.

திணித்த காற்று கொதிக்கும் என்றேன்.
"பின்னுக்கு ஐஸ் பெட்டி இருக்குத்தானே."

தொண்ணூற்றிரண்டு பெற்றோல் இதைத் தாங்காது,
தகரப் பேணிக்குள் கல்லுக் குலுக்கினமாதிரிக் கேட்கும்,
கேட்ட உடனே காலை எடு.
"பாட்டுப் போட்டிருப்பன் அக்கா."

மெசினை ஓடவிட்டேன்.
அலுமினியம் சுருள் சுருளாய் விழுந்தது.
வார் பதியும் தவாளிப்புகளை
ஒவ்வொன்றாய் ஆழப்படுத்தினேன்.
மூன்று மில்லியில் கை நின்றது.
வேர்னியரை அவன் பக்கம் திருப்பவில்லை.

காசு தந்தான். பூட்டினான். போனான்.
ஏ ஒன்பதில் வாரின் கீச்சுக் குரல்
முந்தியதைவிட ஒரு பிடி உயர்ந்து
தெற்கே தேய்ந்தது.
அஞ்சு மில்லியின் சத்தம் என்று நினைத்திருப்பான்.

சுருள்களைக் கூட்டி அள்ளினேன்.
வெட்டினதைத் திருப்பி ஒட்ட
எந்த மெசினுக்கும் ஏலாது.
வெட்டாத இரண்டு மில்லி
அவனோடு ஓமந்தை தாண்டிப் போகிறது.