ஆறிலிருந்து பன்னிரண்டு

மெர்சிடிஸ் என்பது எங்கள் ஊரின் பெயர்.
உருகுவேயில், கறுத்து ஓடும் ஒரு நதியின் கரையில்.
இங்கே ஃபோர்டு வைத்திருப்பவரைப் பார்த்துச் சிரிக்க
எல்லோருக்கும் உரிமையுண்டு.

வில்மர் இத்துரால்தே ஜூலைக் குளிரில் வந்தார்,
நட்டநடுப் பகலில், முகப்பு விளக்கு எரிய.
"உனக்கு இது விளக்கு மாதிரி இருக்கிறதா, சுல்மா?
எவனோ கண்ணாடிக்குப் பின்னால் தீக்குச்சியைப் பிடித்திருக்கிறான்."

நாற்பத்தேழாம் வருடத்து வண்டி. பச்சை.
ஆறு வோல்ட்.
அதிலும் தலைகீழ்க் கணக்கு:
பேட்டரியின் கூட்டலை உடம்போடு கட்டிவிட்டு
கழித்தலைக் கம்பியில் அனுப்பியிருந்தார்கள்.
வரவைத் தரையில் கொட்டிவிட்டு
கடனை மட்டும் வீடு வீடாய்க் கொண்டுபோகிற மாதிரி.

"இரட்டிப்பாக்கு" என்றார்.
பேட்டரியை மாற்றினால் முடிந்தது என்றுதான்
எல்லோரும் நினைக்கிறார்கள்.

டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டரை மாட்ட
தாங்கியை அறுத்தேன், வளைத்தேன்,
தப்பாய் வளைத்தேன், திட்டிக்கொண்டே மறுபடி வளைத்தேன்.
ஆம்மீட்டரின் இரு கம்பிகளை இடம் மாற்றினேன்;
இல்லையென்றால் நிறையும்போதெல்லாம்
குறைகிறது என்று காட்டும்.
காயில் புதுசு. பல்புகள் அத்தனையும் புதுசு.
பெட்ரோல் முள்ளுக்கு மட்டும் பழைய ஆறே போதும் என்பதால்
அதற்கென்று சின்னதாய் ஒரு குறைப்பான்,
பல் போனவருக்குத் தனியே குழைத்து வைத்த சோறுபோல.

எலி கடித்த இடம் தவிர
கம்பிகளில் கை வைக்கவில்லை.
ஆறுக்கு வேண்டியிருந்த தடிமன் பன்னிரண்டுக்கு வேண்டாம்,
அழுத்தம் கூடினால் ஓட்டம் பாதியாகும் என்றேன்.
"அழுத்தத்தைப் பற்றி டாக்டர் வேறு மாதிரி சொன்னார்,"
என்று ஆரம்பித்தவர்
ஸ்பானர் பெட்டியை மூடித் திறந்தார்.
கண்ணுக்குள்ளும் அழுத்தம் உண்டென்று
அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஸ்டார்ட்டர் பழையதுதான்.
பன்னிரண்டு கிடைத்ததும்
உதை வாங்கிய கழுதைபோல் துள்ளியது.

ஏழு மணிக்கு வண்டியை
எதிர்வீட்டு நேலிதாவின் சுவரைப் பார்த்து நிறுத்தினேன்.
போன வாரம்தான் வெள்ளையடித்தது.
அவர் உள்ளே, ஸ்டீரிங்கில் இரண்டு கையும்.
குமிழை இழுத்தார்.

சுவர் எழுந்து நின்றது.
சுண்ணாம்புக்கு அடியில் செங்கல் வரிசை தெரிந்தது.
கிழித்தெடுத்த தேர்தல் சுவரொட்டியின்
பசைத்தடம் தெரிந்தது.
தாண்டிப்போன என் நிழலைப் பார்த்து நாய் குரைத்தது.
நேலிதா ஜன்னலைத் திறந்து
"விடிந்துவிட்டதா?" என்றாள்.

வில்மர் வெகுநேரம் பார்த்தார்.
"பரவாயில்லை," என்றார்,
"மெழுகுவத்தி ஆகியிருக்கிறது."

மீட்டரை வைத்துப் பார்த்தேன்.
பதின்மூன்று புள்ளி ஒன்பது.
இறுகியிருந்த நட்டை இறுக்கினேன்.
துடைத்த கண்ணாடியைத் துடைத்தேன்.
அந்தக் கருவி எனக்குப் பொய் சொன்னதேயில்லை,
அன்றைக்கு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

"லாரிகளில் இருபத்துநான்கு உண்டல்லவா?"
"உண்டு" என்றேன்.
அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

பணத்தை எண்ணித் தந்தார், நோட்டுகளைத் தடவித் தடவி.
கழற்றிப்போட்ட பழைய பல்பைக் காதருகே ஆட்டினார்.
அறுந்த இழையின் சத்தம் இல்லை.
"இது நன்றாகத்தான் இருந்திருக்கிறது," என்று
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.
பிறகு, ஏதோ இப்போதுதான் நினைவு வந்தவர்போல,
"நீயே ஓட்டிப் பாரேன்," என்று இருக்கையில் நகர்ந்தார்.

பதினொரு கிலோமீட்டர்.
வேலிக் கம்பிகளில் பனி, ஒவ்வொரு முள்ளிலும்.
ஒரு முயல். இரண்டு பசுக்களின் நான்கு கண்கள்.
எதையும் நான் சொல்லவில்லை,
எதையும் அவர் கேட்கவில்லை,
ஹீட்டர் இல்லாத வண்டியில்
மாறி மாறி மாத்தே குடித்தோம்.

அவர் வீட்டு வாசலில் திருப்பும்போது
வெளிச்சம் மரக் கம்பத்தில் ஏறியது.
அதில் பச்சைப் பெயிண்ட்,
மூன்று இடத்தில்.
ஒன்றில் சிராய் இன்னும் வெள்ளையாய்.

குமிழை உள்ளே தள்ளி அணைத்தேன்.

"எப்படித் திரும்பிப் போவாய்?" என்றார்.
சாவி என் கையில் இருந்தது.