நடு அடுக்கு

நூற்று நாற்பத்தைந்து பவுண்டு.
தூணுக்குப் பின்னால் உட்காருவதற்கு.
அதுதான் ஆகக் குறைந்த விலை.

‘தேவைக்கேற்ற விலை’ என்றது அறிவிப்பு.
தேவை யாருக்கு என்று அதில் இல்லை.

கிரிம்ஸ்பி மீன் கிடங்கில்
விடிகாலை நான்கு மணியிலிருந்து
ஹாடக் மீனைக் கீறிக்கொண்டே கணக்குப் போட்டேன்:
இரண்டு நாள் கூலி,
ரயிலுக்கு இன்னொரு நாள்,
டெஸ்மண்டுக்கும் சேர்த்தால்
கத்தி நழுவிக் கையுறை கிழிந்தது.

ஜனவரி மழையில்
நான்கு கோல் வாங்கித் தோற்ற இரவு,
வெளியூர் மைதானத்தில் நமக்காக நின்றவர்கள்
அறுபத்துமூன்று பேர்.
எண்ணியது நான்தான்.
ஆட்டத்தில் பார்க்க வேறொன்றும் இருக்கவில்லை.
அன்றைக்கு யாரும் யானை விலை சொல்லவில்லை.

இறுதி ஆட்டத்தை
வில்ஃபின் மதுக்கடையில் பார்த்தோம்.
தொலைக்காட்சித் திரையில் நெடுக ஒரு விரிசல்;
எங்கள் கோல்கீப்பர் இரண்டாகத் தெரிந்தார்.
இரண்டு பேர் இருந்தும்
ஒன்று உள்ளே போய்விட்டது.

இடைவேளை முடிந்து பதினோராவது நிமிடம்.
கேமரா அரங்கை ஒரு சுற்றுச் சுற்றியது.
நடு அடுக்கு நெடுகக் காலி நாற்காலிகள்.
வாங்கியவர்கள் கண்ணாடிக்கு உள்ளே
இன்னும் இறால் தின்றுகொண்டிருந்தார்கள் போல.
என் பக்கத்து மேசையில்
நோரீன் உரித்த இறாலாகவும் இருக்கலாம்.

டெஸ்மண்ட் பந்தைப் பார்த்தான்.
நான் நாற்காலிகளை எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது...
அறுபத்துமூன்றைத் தொட்டபோது
கடையே எழுந்து கத்தியது,
என் மடியில் யாருடைய பீரோ கொட்டியது.

கோல். எங்களுடையது.

அதைப் பார்க்காதவர்கள்
நானும்
அந்த நடு அடுக்கும்.