பாலம் திறந்த நேரம்

மணி பத்தரை இருக்கும்.
தரந்தோவின் பழைய ஊரிலிருந்து
புது ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன்,
பையில் ஒரு கிலோ கடற்சிப்பி சொட்டச் சொட்ட.
ஓட்டல் அறையில் அடுப்பு இல்லையென்பது
வாங்கிய பிறகுதான் உறைத்தது.

பாலத்தின் வாயில் சங்கிலி.
சின்னக் கடலிலிருந்து பெரிய கடலுக்குக்
கடற்படைக் கப்பல் போகிறதாம்.
இரும்பு முனகியது.
சாலை நடுவில் விண்டு
ஒவ்வொரு பாதியும் தன் கரையோடு
முகம் திருப்பிக்கொண்டது,
பாகம் பிரித்த அண்ணன் தம்பிபோல.

அக்கரையில் பனைமரங்கள், வங்கி,
காலணிக் கடையில் எழுபது சதவீதத் தள்ளுபடி.
இக்கரையில் கிரேக்கக் கோயில் போய்
மிஞ்சிய தூண்கள் இரண்டு:
எதைத் தாங்க வந்தோமென்று மறந்து
நிற்பதையே உத்தியோகமாக்கிக்கொண்டவை.
பின்னால் சந்துகள்.
செங்கல் வைத்து அடைத்த சன்னலுக்குக் கீழேயும்
யாரோ சட்டை காயப்போட்டிருந்தார்கள்.

வடக்கே உருக்காலைப் புகைபோக்கிகள்.
காற்று அங்கிருந்து அடித்தால்
துணியை உள்ளே எடுத்துவிடுவோம் என்றாள்
சிப்பி விற்ற கோசிமா.
அந்தச் செந்தூள் விருந்தாளி இல்லையாம்,
வாடகை தராத குடித்தனக்காரனாம்.

பக்கத்தில் ஒரு பெண்மணி,
நல்ல கோட்டு, கையில் பிளாஸ்டிக் உறை.
இன்கொரொனாத்தா என்று பெயர் சொன்னாள்.
பதினொன்றுக்கு அக்கரையில் பத்திரப் பதிவு:
மூன்றாம் மாடி, ஒழுகும் கூரை,
வாங்குபவன் மிலானோவிலிருந்து வந்திருக்கிறான்.
கடலைப் பார்க்க ஆசையாம் அவனுக்கு.
"நாங்கள் அந்தச் சன்னலை
மீன் வாடைக்காகச் சாத்தியே வைத்திருந்தோம்."

கப்பல் நகர்ந்தது.
தளத்தில் வெள்ளை உடையில் பையன்கள்
வரிசையாக.
இரு கரையிலும் எல்லோரும் கையசைத்தோம்,
யாருக்கு என்று கேட்காமல்.
அவளும் அசைத்தாள், பத்திர உறையால்.

பாலம் கூடியது. சங்கிலி விழுந்தது.
ஸ்கூட்டர்கள் முதலில் பாய்ந்தன.
அவள் மட்டும் என் பையையே பார்த்தாள்.
"எங்கே வேகவைப்பீர்கள்?"
சொன்னேன்.
"கேஸ் இன்னும் துண்டிக்கவில்லை" என்றாள்,
என்னிடமா, தனக்கா, தெரியவில்லை.
திரும்பி நடந்தாள்.

தொண்ணூற்றிரண்டு படிகள்.
காலி அறை, ஒரு பானை, நாற்காலி இல்லை.
உப்புக்காகத் தேடினேன்.
"வேண்டாம், கடல் போட்டிருக்கிறது."
ஓடுகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன.
சன்னல் மேடையில் தொலைபேசி
அதிர்ந்து அதிர்ந்து
விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.
"மூன்று திறக்கவில்லை பாருங்கள்,
அவற்றைத் தொடாதீர்கள்" என்றாள்.