கன்னியக்கோயில் தாண்டி

செவ்வாய்க்கிழமை ஒன்பதரை வண்டியில்
கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகிறவன்
எதற்குப் போகிறான் என்று
மஞ்சக்குப்பத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
"நமக்கும் ஒரு குவார்ட்டர்" என்று
கண்ணடித்தார் சலூன்காரர்.
சிரித்துவைத்தேன்.
குடிகாரன் என்கிற பேரில்
ஒதுங்கக் கொஞ்சம் நிழலாவது இருக்கிறது.

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில்
மாநிலம் மாறிவிடும்.
கன்னியக்கோயிலில் பாதி வண்டி காலியாகும்
கடைகளை நோக்கி.
முதல் செவ்வாயில் நானும் எழுந்துவிட்டேன்,
ஒரு கால் படியில்.
பிறகு திரும்பி வந்து உட்கார்ந்தேன்.
அதைத் துணிச்சல் என்று மதலேன் மேடம்
நோட்டில் குறித்துக்கொண்டார்.
நடத்துநரிடம் சில்லறை பாக்கி இருந்தது,
அவ்வளவுதான்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் அந்த அறை.
அவர் டாக்டர் இல்லை, மாத்திரை எழுதமாட்டார்.
ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் என்கிற மின்விசிறி,
நேருக்கு நேர் இல்லாமல்
சாய்த்துப் போட்ட இரண்டு நாற்காலி.
கதவு தெரிகிற நாற்காலி வேண்டும் என்றேன்.
ஏன் என்று கேட்காமல் மாறி உட்கார்ந்தார்.
மூன்று வாரம்
பி.எஃப். பணம், வால்வு நம்பர், நஷ்டஈட்டு ஃபாரம்
இவற்றையே பேசினேன்.
நான்காவது வாரம் சொன்னேன்:
வெடிக்கும் முன்னால் பிளாண்ட் முழுக்கப்
பலாப்பழ வாசனை.

கசிந்த சரக்கின் வாடை அது.
கடேசன் மூக்கை உறிஞ்சி
"பண்ருட்டி லாரி கவுந்துடுச்சாண்ணே?" என்றான்.
நான் சிரித்தேன்.
அப்புறம் ஓடினேன்.
பின்னாலேயே காலடிச் சத்தம் கேட்டது,
கேட் வரைக்கும் கேட்டது.
திரும்பினால் யாரும் இல்லை.
என் பூட்ஸ் சத்தம்தான்
ஷெட் தகரத்தில் பட்டுப் பட்டு
என்னைத் துரத்தி வந்திருக்கிறது.

மேடம் பேனாவை மூடினார்.
உங்கள் தப்பில்லை என்று
சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.
"தரை என்ன நிறம்?" என்றார்.
பச்சை.
எண்ணெய் படிந்த பச்சை.
போலீஸ், கம்பெனி, யூனியன்,
ஒன்றரை வருடத்தில் ஒருத்தரும் கேட்காதது.

சித்திரை வந்தால் எங்கள் ஊரில்
ஒளிய இடம் கிடையாது.
தள்ளுவண்டி, பஸ் கூரை, பக்கத்து வீட்டுக் குளியலறை வரைக்கும் பலா.
மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்து
திருப்பாப்புலியூர் கடைத்தெருவில்
ஒருமுறை விழுந்தே போனேன்.
அதையும் குடிக்கணக்கில்தான் எழுதினார்கள்.

வீட்டுப்பாடம் கொடுத்தார் மேடம்.
முதலில் பலா என்ற சொல்லை எழுதுவது.
இரண்டு எழுத்து, கை வியர்த்தது.
பிறகு படம்.
பிறகு காய்ந்த கொட்டை ஒன்று, சட்டைப்பையில்.
துவைக்கும்போது மணிமொழி எடுத்திருக்கிறாள்.
கேட்கவில்லை.
மறுநாள் தேய்த்த சட்டையின் பையில்
கொட்டை திரும்ப இருந்தது.
அன்று ராத்திரி சொன்னேன்,
பாண்டியில் எங்கே போகிறேன் என்று.
"வாடையே அடிக்கல, அப்பவே தெரியும்" என்றாள்.

போன செவ்வாய்
அரைப் பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஒருத்தி
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
நெஞ்சுக்குள் பிரஷர் ஏறியது.
தரை என்ன நிறம்?
சாம்பல்.
வரி வரியான தகடு, ஒரு கிழிந்த டிக்கெட்,
யாரோ துப்பிய சூயிங்கம்.
இது பஸ்.
மூச்சை விட்டேன். வேறு வழியில்லாமல்
உள்ளேயும் இழுத்தேன்.

கன்னியக்கோயில் வந்தது, போனது.
"இந்தாங்க" என்று
பிளாஸ்டிக் கவரில் ஒரு சுளை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன். தின்னவில்லை.
அரியாங்குப்பம் பாலம் வரைக்கும்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடேசனுக்குப் பலாப்பழம் பிடிக்குமா?
ஆறு வருடம் ஒரே ஷிஃப்ட்.
கேட்டதேயில்லை.
வெடித்ததற்குப் பிறகு
இன்றுதான்
அவனைப் பற்றி
வேறெதையாவது யோசிக்கிறேன்.